அடுக்களை ஐயங்களும் சொல்லின் துணையும்

முன்னுரை

மாணாக்கர்க்கு எழக்கூடிய ஐயங்களைத் தாமே எழுப்பித் தாமே விடை கூறிச் செல்வது நம் உரையாசிரியர்களின் வழக்கம். அவ்வாறு எழுந்த வினாக்களும் விடைகளும் ஏட்டில் ஏறி, அச்சில் ஏறி, இன்று நம் வகுப்பறை வரை வந்துள்ளன. ஆயின் நாள்தோறும் அடுக்களையில் எழும் வினாக்களை ஏட்டில் ஏற்றியோர் மிகச் சிலரே. 'இஃது என்ன பொருள்? இதனை எவ்வாறு ஆக்குவது? இது கிடைக்காவிடில் வேறு எதனை இடுவது?' என்னும் இம்மூன்று வினாக்களும் சமையல் தோன்றிய நாள்தொட்டு இருந்து வருவனவே. அவற்றுக்கு விடை கூறிய மூதாட்டியரின் சொற்கள் பெரும்பாலும் அடுப்புப் புகையோடு மறைந்தன.

சில ஆண்டுகளுக்கு முன் நோன்புக் காலத்தில் நம் உறவினர் இல்லமொன்றில் நிகழ்ந்த ஒன்றை இங்குக் கூறுதல் பொருந்தும். புதிதாக மணமாகி வந்த மருமகள், நோன்பு துறக்கும் வேளைக்குக் கடற்பாசி செய்ய எண்ணினார். கடைக்கு அனுப்பப்பட்ட சிறுவன் 'பாசி' என்று மட்டும் கேட்டு, கடைக்காரர் கொடுத்த பொட்டலத்தை வாங்கி வந்தான். பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சியும் அஃது உறையவில்லை. வீடு முழுவதும் கறிமசாலையின் மணமே பரவிற்று. பிறகு பார்த்தபோதுதான் வந்தது கடற்பாசி அன்று, கல்பாசி எனத் தெரிந்தது. அன்று அனைவரும் சிரித்தோம். பின்னர் எண்ணிப் பார்க்கையில், அடுக்களை ஐயங்களுள் பாதி சொல்லில் பிறப்பன என்பது புலனாயிற்று. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பெயரும் பல பொருளும்

'பாசி' என்னும் சொல் பசுமையின் அடியாகப் பிறந்தது. குளத்தில் படர்வதும் பாசி; சிறுபயறும் பாசிப்பயறே; கழுத்தில் அணியும் மணியும் பாசிமணி எனப்படும். அடுக்களைக்குள் வரும் பாசிகளோ இரண்டு. கல்பாசி என்பது பாறையிலும் மரப்பட்டையிலும் படர்வது. பூஞ்சையும் பாசியினமும் ஒன்றையொன்று சார்ந்து கூடி வாழும் உயிர் அது. சூடான எண்ணெயில் இட்டால்தான் அதன் மணம் வெளிப்படும். கடற்பாசி என்று நம் இல்லங்களில் வழங்குவதோ, கடலில் வளரும் சிவப்புப் பாசியினங்களைக் காய்ச்சி, வடித்து, உறையவைத்து, உலர்த்திய இழையாகும். கடைகளில் 'சைனா கிராஸ்' என்றும் 'அகர் அகர்' என்றும் விற்பது இதுவே. அதற்கென மணம் இல்லை. நீர்மத்தை உறையவைப்பதே அதன் தொழில். முன்னது மணம் தருவது. பின்னது வடிவம் தருவது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நில்லாது.

கசகசாவின் நிலை இதனினும் நுட்பமானது. நம் நாட்டில் குருமாவைக் கெட்டிப்படுத்த அரைத்து விடும் கசகசா, அபினிச் செடியின் விதை. இலங்கையிலோ பலூதாவில் மிதக்கும் கரிய வழுவழுப்பான விதையைக் கசகசா என்பர். அது திருநீற்றுப்பச்சிலையின் விதை. இங்கு அதனைச் சப்ஜா என்கிறோம். இலங்கை உறவினர் எழுதியனுப்பிய செய்முறையைப் பார்த்து நம்மவர் வெள்ளைக் கசகசாவைப் பாலில் ஊறவைத்தால், அஃது எத்தனை நாழிகை ஊறினும் வழுவழுப்பாகாது.

இப்பெயர் மயக்கம் சுவைக்கேடு ஒன்றோடு நின்றுவிடுவதில்லை. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் முதலிய நாடுகளுக்குள் அபினிச் செடியின் விதையைக் கொண்டு செல்வதற்குத் தடை உண்டு. மகனுக்கோ கணவருக்கோ அன்போடு கட்டிக் கொடுக்கும் மசாலைப் பொட்டலத்தில் ஒரு கைப்பிடி கசகசா இருந்தால், விமான நிலையத்திலேயே அவர் தடுத்து வைக்கப்படலாம். நம் சமுதாயத்தில் வளைகுடா நாட்டோடு தொடர்பில்லாத குடும்பங்கள் குறைவு. ஆதலின் இதனை ஒவ்வொரு தாயும் அறிந்திருத்தல் வேண்டும். குருமாவில் கசகசாவின் தொழில் கெட்டிப்படுத்துவதே. அத்தொழிலை ஊறவைத்து அரைத்த முந்திரியோ, வெள்ளரி விதையோ, தேங்காயோ செய்துவிடும்.

மற்றுமோர் எடுத்துக்காட்டைக் கூறி மேலே செல்வோம். இலங்கைத் தமிழர் மீன்கறிக்கு இடும் கொறுக்காய்ப்புளி, குடம்புளியின் இனத்தைச் சார்ந்த கரிய உலர்ந்த புளி. நம் வட்டாரத்திலோ கொடுக்காய்ப்புளி என்பது சாலையோர மரத்தில் சுருண்டு தொங்கும் காய். சிறுவர் கல்லெறிந்து உதிர்த்துத் தின்பது. பெயரின் ஒலி ஒப்புமையை நம்பிப் பின்னதை மீன்குழம்பில் இட்டால் குழம்பு என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இத்தகைய இடங்களில், 'இச்செய்முறையில் இப்பொருள் என்ன தொழில் செய்கிறது?' என்று வினவுதலே நேர்வழி. புளிப்புத் தருகிறது எனின், நம் வீட்டுப் புளியை அளவறிந்து கரைத்து விடலாம்.

கோட்டைக்குப்பத்தின் மீன்வளமும் மொழிவளமும்

நூலில் இல்லாத விடைகளைத் தேடி நாம் மாணவ மாணவியர் சிலருடன் பழவேற்காட்டுக்குச் சென்றிருந்தோம். இந்திய நாட்டு உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படும் இவ்வேரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது, தென்பகுதியே நமக்குரியது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. டச்சுக்காரர் 1613இல் கட்டி முடித்த கெல்டிரியாக் கோட்டையின் நினைவைப் பெயரிலேயே தாங்கி நிற்பது கோட்டைக்குப்பம். கோட்டை அழிந்தது, குப்பம் நிலைத்தது.

இக்குப்பத்தாரும், நடுவூர் மாதாகுப்பத்தாரும், ஆண்டிக்குப்பத்தாரும் ஏரியில் வலையிடும் இடத்தையும் நாளையும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். நல்ல இடம் ஒருவர்க்கே உரியதாகாமல் சுற்றி வரச் செய்யும் அறம் அச்சிறு சொல்லில் அடங்கியுள்ளது.

கரையில் மீன் விற்ற அம்மையாரிடம் நம் மாணவியொருத்தி, "யக்கா, இது என்ன மீன்? எப்படி ஆக்கணும்?" என்று வினவினாள். அதற்கு அவர் கூறிய விடையை அவர் மொழியிலேயே தருகிறோம்: "இது மடவை, கண்ணு. வயித்துக்குள்ள கறுப்பா ஒரு தோல் இருக்கும், அதச் சொரண்டி எடுத்துடு. உப்பும் புளியும் போட்டு நல்லா ஒரசிக் கழுவு, சேத்து வாடை போயிடும். ஏரி மீனுக்கு ஒரே உப்புக் கணக்குக் கெடையாது. மழைக்கு ஒரு ருசி, வெயிலுக்கு ஒரு ருசி. கொழம்பு கொதிச்சப்புறம் நாக்குல வெச்சுப் பாத்து உப்புப் போடு."

இச்சில தொடர்களுள் அடங்கிய அறிவை நாம் வியந்தோம். மடவை, சேற்றில் படிந்த நுண்ணிய இரையை உண்ணும் மீன். அதன் வயிற்றறையை உள்ளே கரிய சவ்வொன்று போர்த்தியிருக்கும். அதனை நீக்காவிடில் கறி கைக்கும். மண்வாடைக்குக் காரணமான பொருள்களுள் ஒன்றை அறிவியலார் ஜியோஸ்மின் என்பர். புளிப்பில் அது சிதையும் இயல்பினது. புளியிட்டு உரசுவது வெறும் பழக்கமாக வந்ததன்று என்பது இதனால் பெறப்படும். அவர் கூறிய உப்புக் கணக்கும் அத்தகையதே. வடகிழக்குப் பருவமழையில் ஏரிநீர் நன்னீர்ப் பாங்கு பெறும். கோடையில் உவர் மிகும். உவர் மிகுந்த நீரில் வளரும் இறாலின் தசையில் கிளைசின் முதலிய அமினோ அமிலங்கள் மிகுவதால் இனிப்பும் மிகும் என்பது ஆய்வில் கண்ட உண்மை. நூல் கூறும் 'ஒரு தேக்கரண்டி உப்பு' என்னும் அளவு, பருவந்தோறும் மாறும் இந்நீருக்கு எவ்வாறு பொருந்தும்?

மேலும் சில பொருள்களைப் பற்றி அங்குத் தெரிந்துகொண்டனவற்றையும், நாம் முன்னரே அறிந்தனவற்றையும் சேர்த்துச் சுருங்கக் கூறுவோம். கிழங்கான் மென்மையான வெண்தசை உடையது. குழம்பு கொதித்து இறக்கும் தறுவாயில் இட்டு, கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்து அசைத்தல் வேண்டும். இறால் சுருண்டு நிறம் மாறியவுடன் வெந்துவிட்டது. மேலும் வைத்தால் தசை இறுகி மெல்ல இயலாததாகும். சேற்று நண்டை உயிரோடு வாங்குவதே முறை. இறந்தபின் அது விரைந்து கெடும். மட்டியை உப்பு நீரில் சில மணி நேரம் இட்டுவைத்தால் உள்ளிருக்கும் மணலைத் தானே உமிழும். வேகவைக்கும்போது வாய் திறவாத மட்டியை எறிந்துவிட வேண்டும். இவ்வட்டாரத்தில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது பழைய தொழில். ஆதலின் மட்டியின் ஓட்டை அறிந்தவர் பலர், உள்ளிருக்கும் தசையை ஆக்கத் தெரிந்தவர் சிலரே.

உவர்நிலத்தில் செழிக்கும் உமரி, கீரையாக ஆக்கத்தக்கது. அதன் இலையிலேயே உப்பு நிறைந்திருத்தலால், கொதிநீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டு, பருப்போ தேங்காயோ சேர்த்து ஆக்குதல் வேண்டும். சுவைத்துப் பாராமல் உப்பிட்டால் உண்ண இயலாது.

சாவகம் சென்ற சொல்லும் வந்த சொல்லும்

மீண்டும் நாம் தொடங்கிய கடற்பாசிக்கு வருவோம். பழவேற்காடு 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடமாக விளங்கிற்று. இக்கரையின் துணிகள் இங்கிருந்து சாவகத்துக்கும் நறுமணத் தீவுகளுக்கும் கப்பலேறின. இன்றும் மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்குப் 'பெலிக்காட்' என்னும் பெயர் வழங்குவது பழவேற்காட்டின் பெயரால் வந்ததே. நம் ஊரின் பெயர் துணியாகச் சென்றது. அம்மக்களின் 'அகர் அகர்' என்னும் சொல் உணவாக நம்மிடம் வந்தது. கடல் வாணிகம் பண்டங்களோடு சொற்களையும் ஏற்றி இறக்கியது என்பதற்கு இதனினும் இனிய சான்று வேண்டுமோ?

இதே அகர் அகர், அடுக்களை வினாவொன்றின் வழியே உலக அறிவியலையும் மாற்றியமைத்தது. ஜெர்மனியில் இராபர்ட் காக் என்னும் பேரறிஞரின் ஆய்வுக்கூடத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்னும் மருத்துவர் 1881இல் நுண்ணுயிர்களை வளர்த்து ஆராய்ந்தார். நுண்ணுயிர்களுக்கு இடமாக அவர் பயன்படுத்திய ஜெலட்டின் கோடை வெப்பத்தில் உருகியது; சில நுண்ணுயிர்களே அதனைக் கரைத்தும் விட்டன. 'உன் பழக்கூழ் மட்டும் இவ்வெயிலிலும் உருகாமல் நிற்பது எவ்வாறு?' என்பதே அவருக்கு எழுந்த ஐயம். அவர் மனைவியார் ஃபேனி ஹெஸ்ஸே, தாம் அதில் சேர்ப்பது அகர் அகர் என்றார். நியூயார்க்கில் வாழ்ந்த இளமைக் காலத்தில், சாவகத்திலிருந்து குடியேறிய டச்சு அண்டை வீட்டாரிடம் அதனை அவர் கற்றிருந்தார். அன்று முதல் இன்று வரை உலகெங்கும் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் நுண்ணுயிர் வளர்வது அகர் தட்டிலேயே. 1882இல் காசநோய்க் கிருமி பற்றிக் காக் வெளியிட்ட கட்டுரையில் அகர் குறிப்பிடப்பட்டது. அதனைச் சொல்லிக்கொடுத்த பெண்மணியின் பெயர் குறிப்பிடப்படவில்லை. அடுக்களை அறிவு எவ்வாறு பெயரின்றிப் போகிறது என்பதற்கு இதுவே பெருஞ்சான்று.

அகர் உருகுவதற்கு ஏறத்தாழ 85 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். உருகியபின் 40 பாகைக்குக் கீழே ஆறும்போது உறைந்துவிடும். மீண்டும் உருக அதே உயர்ந்த வெப்பம் வேண்டும். ஆதலின் நம் ஊர் வெயிலில் குளிர்ப்பெட்டியின்றியே அது கட்டியாக நிற்கும். ஜெலட்டினோ 35 பாகைக்குள்ளாகவே உருகிவிடும். மேலும் ஜெலட்டின் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து பெறுவது. எவ்விலங்கு, எவ்வாறு அறுக்கப்பட்டது என்னும் வினா நம் இல்லங்களில் எழும். அகர் கடல் தாவரத்தினின்று வருதலால் அவ்வினாவுக்கே இடமில்லை.

செய்முறையில் பிழைப்போர் பெரும்பாலும் இரண்டிடத்தில் பிழைக்கின்றனர். பத்து கிராம் இழைக்கு ஒரு லிட்டர் நீர்மம் என்பது பொது அளவு. இழையை முதலில் நீரில் ஊறவைத்து, அந்நீரிலேயே ஓர் இழையும் கண்ணுக்குத் தெரியாதவாறு கொதிக்கவைத்துக் கரைத்தல் வேண்டும். பாதி கரைந்ததைப் பாலில் கொட்டுவது முதற்பிழை. அவ்வாறு கரைந்ததில் குளிர்ந்த பாலை ஊற்றினால் உடனே திரிதிரியாக உறையும். இஃது இரண்டாம் பிழை. பால் சூடாகவே இருத்தல் வேண்டும். எலுமிச்சைச் சாறு முதலிய புளிப்பைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் உறையும் ஆற்றல் குன்றும். ஆதலின் அடுப்பிலிருந்து இறக்கியபின் சேர்ப்பதே நன்று. பச்சை அன்னாசிப்பழம் ஜெலட்டினை உறையவிடாது. அகரை அது தடுப்பதில்லை.

ஏட்டில் ஏறிய கைமணம்

வினவுவோர்க்கு விடையாக எழுந்த சமையல் நூலொன்று தமிழில் உண்டு. எஸ். மீனாட்சி அம்மாள் அவர்களின் 'சமைத்துப் பார்' முதற்பகுதி 1951இல் வெளிவந்தது. உறவினர்கள் ஓயாது செய்முறை கேட்டதையும், அவர் எழுதி விடையளித்ததையும் கண்ட உறவில் மூத்தவரான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர், அவற்றை நூலாக்குமாறு தூண்டினார் என்பர். தாயருகில் இல்லாத மணமகளிர் பலருக்கு அந்நூல் தாயின் இடத்தில் நின்றது. புதுக்குடித்தனத்துக்குச் சீராகக் கொடுக்கப்பட்ட பெருமையும் கடல்கடந்து சென்ற பெருமையும் அதற்கு உண்டு.

ஆயின் அது மரக்கறி நூல். மடவையும், உமரியும், மட்டியும் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டன. அவற்றுக்கான ஏடு கோட்டைக்குப்பத்துப் பெண்டிரின் நாவிலும், பனையோலைப் பெட்டி முடையும் பழவேற்காட்டு முஸ்லிம் மகளிரின் நினைவிலும் மட்டுமே உள்ளது. முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன்வளம் குன்றுவதும், பிடிபட்ட நல்ல இறாலும் நண்டும் வெளியூர்ச் சந்தைக்கே செல்வதும் அவ்வேட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கிழித்து வருகின்றன. வீட்டுக்கு வராத மீனைப் பற்றி மகள் தாயிடம் வினவுவதில்லை. வினவாதபோது தாய் கூறுவதுமில்லை. ஒரு தலைமுறை வினவாதிருந்தால் பெயரும் மறையும். பெயர் மறைந்தால் பொருள் கண்முன் கிடந்தும் இல்லாததாகும்.

அறியாமையின் ஆபத்து

புதிய பொருளை ஆக்கிப் பார்க்கும் ஆவல் நன்று. ஆயினும் சிலவற்றில் துணிவு கூடாது. வயிற்றை உப்பவைக்கும் பேத்தை மீனின் ஈரல், முட்டை, தோல் முதலியவற்றில் உயிர்கொல்லும் நஞ்சு உண்டு. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அந்நஞ்சு அழியாது. வலையில் சிக்கினும் மீனவர் அதனை எறிந்துவிடுவதன் காரணம் இதுவே. சூரை, கானாங்கெளுத்தி முதலிய மீன்கள் பனிக்கட்டியின்றி வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்னும் பொருள் அவற்றில் பெருகும். உண்டவர்க்கு முகம் சிவந்து, உடல் அரித்து, தலை வலிக்கும். சமைப்பதால் அதுவும் நீங்காது. பெயர் தெரியாத மீனையும் கீரையையும் பெயர் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அடுப்பில் ஏற்றலாகாது.

கடலுணவில் எஃது ஆகும், எஃது ஆகாது என்னும் வினாவும் நம் அடுக்களைக்கு உரியதே. ஹனஃபீ வழியினர் மீனல்லாத கடலுயிர்களைத் தவிர்ப்பர். இறால் மீனினத்தைச் சார்ந்ததா என்பதில் அவர்களுக்குள்ளேயே இரு கருத்துண்டு. ஷாஃபிஈ வழியினர் கடல்வாழ் உயிர்களுள் பெரும்பாலானவற்றை ஏற்பர். நீரிலும் நிலத்திலும் வாழ்வதாகக் கருதப்படும் நண்டைப் பற்றி அவர்களிடமும் ஆய்வுரை உண்டு. இதில் நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. 'இஃது என்ன உயிர்? இதனை மீன் என்பதா?' என்னும் பெயராய்வு இங்கும் முதற்படியாக நிற்பதை மட்டும் சுட்டுகிறோம். முடிவை அவரவர் தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.

முடிவுரை

மாணவச் செல்வங்களுக்கு நாம் கூறுவது இதுவே. வரும் விடுமுறையில் உங்கள் இல்லத்து மூதாட்டியின் அருகமர்ந்து ஐந்து வினாக்களை எழுப்புங்கள். இப்பொருளுக்கு நம் ஊரில் என்ன பெயர்? பிற ஊரில் என்ன பெயர்? எப்பருவத்தில் கிடைக்கும்? சமையலில் இதன் தொழில் யாது? எவ்விடத்தில் எச்சரிக்கை வேண்டும்? கிடைக்கும் விடையை அவர்தம் சொல்லிலேயே எழுதுங்கள். செந்தமிழாகத் திருத்த வேண்டா. எழுதியதன் மேல் அவர் பெயரையும் எழுதுங்கள். ஃபேனி ஹெஸ்ஸேக்கு நேர்ந்த குறை நம் அன்னையர்க்கு நேரலாகாது.

தமிழ்த்துறையின் பணி இலக்கியத்தோடு முடிவதன்று. சொல் எங்கெல்லாம் வாழ்கிறதோ அங்கெல்லாம் நமக்குப் பணி உண்டு. அன்று கடற்பாசிக்குப் பதில் கல்பாசியை இட்ட அம்மருமகள் இன்று அவ்வில்லத்தின் தலைவியாக இருக்கிறார். ஐயம் எழும்போதெல்லாம் அக்கம்பக்கத்து இளம்பெண்டிர் அவரிடமே சென்று வினவுகின்றனர். அவர் முதலில் கேட்பது, "கடையில் என்ன பெயர் சொல்லி வாங்கினாய்?" என்பதே.